கேட்காமல் சொன்ன சம்மதம்

போன வாரம் ஜெகதாம்பாளைக் கொழுந்தனுடைய தகரப் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு வந்தோம். பெட்டிக்குள் அவனுக்கு வந்த பதினேழு தபால் கார்டு. பதினேழும் இங்கிலீஷ். அவளுக்குத் தமிழே எழுத்துக்கூட்டத் தெரியாது. கார்டை நேராகப் பிடித்திருக்கிறோமா தலைகீழாகப் பிடித்திருக்கிறோமா என்பதே அவளுக்குச் சந்தேகம். ஆனால் ஒவ்வொரு கார்டின் மூலையிலும் மசியால் ஒரு குட்டிக் கோலம் போட்டிருந்தது. நாலு புள்ளிக் கோலம். எந்த ஆம்பிளை கார்டில் கோலம் போடுவான்?

கொழுந்தன் பெட்டியை அண்ணி திறக்கலாமா என்று சண்டைக்கு வருகிறவர்கள் வரட்டும். அவன் வேட்டி சட்டையைத் துவைத்து அந்தப் பெட்டியில் வைப்பவளே அவள்தான். பார்த்தாள். பார்த்ததைப் புருஷனிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

கொழுந்தன் சாமிதுரை பிறவியிலேயே காது கேளாதவன். அதனால் பேச்சும் இல்லை. ஜெகதாம்பாள் பதினாலு வயதில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவனுக்கு ஒன்பது. புது மருமகள் மாமியார் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது. அவனுக்கோ வாயைத் திறந்தாலும் பேச்சு வராது. வாய் மூடிக் கிடந்த இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து கையால் பேச ஆரம்பித்தார்கள். மீசையை முறுக்கினால் அண்ணன் நல்லுசாமி. மூக்குத்தி இருக்கும் இடத்தில் விரலை வைத்தால் அண்ணி. வெற்றிலைப் பெட்டியைத் தட்டுகிற மாதிரி தட்டினால் அப்பா. அந்த பாஷை உலகத்திலேயே அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த வருஷம் மாமனார் அவனை அரியலூரில் ரயிலேற்றி, தெற்கே காது கேளாத பிள்ளைகளுக்காக வெள்ளைக்கார அம்மாமார் நடத்தும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். "ஊமைப் பயலுக்குப் படிப்பு ஒரு கேடா?" என்று ஊர் சிரித்தது. எட்டு வருஷம் இருந்தான். லீவுக்கு லீவு வந்து போனான். திரும்பி வந்தபோது தச்சு வேலை தெரிந்தது. உளி பிடித்தால் கதவில் யாளி எழுந்து உட்காரும். ஊர் அதைப் பார்த்தது. எழுதப் படிக்கத் தெரியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வீட்டில் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாதபோது அவன் யாருக்கு எழுதிக் காட்டுவான்? ஒன்றரை வருஷமாக மாதம் ஒரு கார்டு வரும். பள்ளிக்கூடத்து அம்மா போடுகிறாள், இவன் முத்திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நல்லுசாமி நினைத்துக்கொண்டான்.

மாமனார் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். நிலம் இரண்டு பேருக்கும் பொது. பிறவி ஊமைக்குச் சொத்தில் பங்கே கிடையாது என்று ஊரில் எல்லாரும் போல நல்லுசாமியும் நம்பிக்கொண்டிருந்தான். பத்திரம் எழுதும் வேணுகோபால்தான் அவனை உலுக்கினார். "அதெல்லாம் பழைய கதைங்க. சட்டம் மாறிப் பதினெட்டு வருஷமாச்சு. அவருக்கும் சரிபாதி உண்டு. ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிடுங்க, பாதிய உங்களுக்கே விட்டுக் கொடுத்தேன்னு. ரேகை வச்சாப் போதும்."

அந்த ரேகை வைக்கிற நாள்தான் இந்த வாரம்.

---

"இஞ்ச பாரு ஜெகதா," என்றான் நல்லுசாமி, காலையில் கம்பங்கூழைக் குடித்துக்கொண்டே. "அவன் பேருல பாதி நெலம் கெடந்துச்சுன்னா, எவனாச்சும் சந்தையில வச்சு ரேகைய உருட்டிக்கிட்டுப் போயிடுவான். கீழத்தெரு ஊமையனுக்கு நடந்தது மறந்துபோச்சா? இன்னிக்கு அவன் கோயில் வாசல்ல நிக்கிறான். என் பேருல இருந்தா தம்பிக்கு ஆயுசு பூரா சோறு."

"தம்பிகிட்ட கேக்க வேணாங்களா?"

"என்னத்தக் கேக்கறது? நீதானே சொன்னே, ராத்திரி வெவரத்தச் சொன்னேன், தலைய ஆட்டினாருன்னு?"

சொன்னாள்தான். அண்ணன், டவுன், காகிதம், கட்டைவிரல் என்று நாலு சைகை காட்டினாள். அவன் தலையை ஆட்டினான். ஆனால் சாமிதுரை தலையை ஆட்டுவது சம்மதத்துக்கு இல்லை. 'நீ சொல்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்' என்பதற்கு. ஊருக்கு அது தெரியாது. ஜெகதாம்பாளுக்குத் தெரியும்.

தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாள்? அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். பங்கு பிரித்தால் கிணறு சாமிதுரை பாதிக்குப் போய்விடும். இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள், நான் சொல்லிவிடுகிறேன். கோலம் போட்டவள்மேல் பொறாமை. பதினாறு வருஷமாகச் சாமிதுரைக்குப் பேச ஆள் என்றால் அவள்தான். மாமியாரைப் பற்றிய வயிற்றெரிச்சல், புருஷன்மேல் வந்த கோபம், முதல் பிள்ளை தங்காமல் போன துக்கம், எல்லாவற்றையும் அவள் கொட்டித் தீர்த்தது அந்தக் கைகளிடம்தான். இப்போது அந்தக் கைகள் யாரோ ஒருத்திக்குக் கார்டு எழுதுகின்றன என்றால் வலிக்காதா?

---

யுத்தம் முடிந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. செந்துறை பஸ் இன்னும் கரியில்தான் ஓடியது. பின்பக்கம் அண்டா மாதிரி ஒன்றைக் கட்டி, அதில் கரியைப் போட்டு, ஒரு ஆள் விசிறிக்கொண்டே வருவான். மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். சாமிதுரை இறங்கித் தள்ளினான். ஏறி வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, முன் சீட்டிலிருந்த அண்ணியின் தோளைத் தட்டினான்.

'என்ன காகிதம்?' என்று கையால் கேட்டான்.

அவள் மஞ்சள் பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். 'சும்மா. அண்ணன் காகிதம்' என்று காட்டினாள்.

அவன் ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தான். அப்புறம் திரும்பிச் சோளக்கொல்லைகளைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

டவுன் ரிஜிஸ்தர் ஆபீஸில் வேணுகோபால் தயாராக நின்றார். பத்திரம் ஒரு கையில், மைப் பெட்டி ஒரு கையில். வெயில் ஏறின பிறகு கூப்பிட்டார்கள். சப்-ரிஜிஸ்ட்ரார் ஒல்லியான மனுஷர். அந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாமல் வேர்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக் கொடுக்கறது யாரு?"

"இவருதாங்க எசமான், சாமிதுரை," என்றார் வேணுகோபால். "காது கேக்காது, பேச்சும் கெடையாது. ரேகை வைப்பாரு. வெளக்கிச் சொல்ல அவரு அண்ணி வந்திருக்காங்க."

"கைஜாடை தெரியுமாம்மா?"

"தெரியும்ங்க. பதினாறு வருஷமா தம்பிக்கு நான்தாங்க வாயி," என்றாள் ஜெகதாம்பாள். சொல்லும்போது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் பத்திரத்தை முழுசும் படித்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "தகப்பனார் சொத்துல தன்னோட பாதிய இவரு அண்ணனுக்கு விட்டுக் கொடுக்கறாரு. இனிமே அதுல இவருக்கு ஒரு பாத்தியதையும் இல்லே. இதுக்குச் சம்மதமான்னு அவரைக் கேட்டுச் சொல்லும்மா."

"சம்மதம்ங்க."

சப்-ரிஜிஸ்ட்ரார் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீ இன்னும் அவரைக் கேக்கவே இல்லியேம்மா," என்றார் அவர்.

"கேட்டாச்சுங்க எசமான்."

"எப்போ?"

"நேத்து ராத்திரி..."

"நான் கேக்கச் சொன்னது இப்போ. உன் வாய் அசைஞ்சுது. கை மடியிலயே கெடக்குது, பாரு."

ஜெகதாம்பாள் குனிந்து பார்த்தாள். இரண்டு கையும் மஞ்சள் பையின் காதைப் பிடித்துக்கொண்டு மடியில் கிடந்தன.

வேண்டுமென்று செய்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். சத்தியமாக இல்லை. "தம்பி சாப்பிடறாரா?" என்று யாராவது கேட்டால், "சாப்பிடுவாரு" என்று அவள்தான் சொல்லுவாள். நாவிதர் "கிராப்பக் கொறைச்சிடலாமா?" என்றால் "கொறைச்சிடுங்க" என்பாள். வைத்தியர் "வலிக்குதா?" என்றால் "ராத்திரியெல்லாம் வலிங்க" என்பாள். அவனை ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். சொன்னதெல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருந்துவிட்டது. அதில் வந்த வினைதான் இது. சரியாகவே சொல்லிச் சொல்லி, கேட்க வேண்டும் என்பதையே மறந்துபோனாள். இன்றைக்கும் கேள்வி முடிவதற்குள் பதில் வாய்க்கு வந்துவிட்டது.

சாமிதுரை அவளுடைய வாயைப் பார்த்தான். பிறகு அவளுடைய கையைப் பார்த்தான். அவனுக்கு வார்த்தை கேட்காது. ஆனால் தன்னைப் பற்றித் தன்னைக் கேட்காமல் ஏதோ சொல்லியாகிவிட்டது என்பது தெரிந்துவிட்டது.

"அட, அவங்க வூட்டுல அப்படித்தான் எசமான்," என்று வேணுகோபால் இழுத்தார். "அண்ணி சொன்னா அவரு சொன்ன மாதிரிதான்."

"உங்க வூட்டுல நீங்க எப்படி வேணா இருங்க. இந்த மேஜைக்கு முன்னால அப்படி இல்லே," என்றார் அதிகாரி. "இப்பக் கேளும்மா. இன்னொண்ணு. 'அவரு அப்படிங்கறாரு, இப்படிங்கறாரு'ன்னு சுத்தி வளைக்காதே. அவரு 'நான்'னா நீயும் 'நான்'னு சொல்லு. யாரைப் பார்த்து என்ன சொல்றாரோ, அதை அப்படியே சொல்லணும்."

"அப்படியேன்னா எப்படிங்க?" ஜெகதாம்பாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் நின்ற புருஷனைக் கண்ணால் காட்டினாள். "தம்பிக்கு இவுக அண்ணன். தம்பி இவுகளைக் கூப்பிடறதை நான் அப்படியே சொன்னா... எனக்கு இவுக..." மேலே பேச முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேணுகோபால் களுக்கென்று சிரித்தார். அதிகாரிக்குச் சற்றுப் பொறுத்துத்தான் புரிந்தது. புரிந்ததும் இருமினார்.

"சரி, அது கெடக்கட்டும். முதல்ல கேளு."

ஜெகதாம்பாள் பையைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் தூக்கினாள். அடுப்படியில் பிறந்த அவர்கள் பாஷையில் பங்குக்குச் சைகை கிடையாது, பாத்தியதைக்குக் கிடையாது. அவள் ஒவ்வொன்றாகக் கட்டினாள். வெற்றிலைப் பெட்டியைத் தட்டினாள்: அப்பா. கையை விரித்து அகலமாக ஓட்டினாள்: நிலம். நடுவில் ஒரு கோடு கிழித்தாள். இந்தப் பக்கம் மீசை. அந்தப் பக்கம் நீ. உன் பக்கத்தை அப்படியே வாரி மீசையின் பக்கம் போட்டாள். கோட்டை அழித்தாள். பிறகு அவன் பக்கத்துக்குத் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். காலி. இனி எப்போதும் காலி.

புருவத்தைத் தூக்கி, 'சரியா?' என்று கேட்டாள்.

"இவ்வளவு நேரமா என்னத்தடி ஆட்டிக்கிட்டிருக்கே?" என்றான் நல்லுசாமி பல்லைக் கடித்துக்கொண்டு.

சாமிதுரை தலையை ஆட்டவில்லை. கையையும் தூக்கவில்லை. வேணுகோபால் மைப் பெட்டியைத் திறந்து அவன் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் நகர்த்தினார். சாமிதுரை அதை ஒற்றை விரலால் திருப்பித் தள்ளினான். எட்டி, அதிகாரியின் பேனாக்கட்டையை எடுத்தான்.

அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு காகிதத்தை இழுத்து, இன்னொரு பேனாவால் ஒரு வரி எழுதி அவன் பக்கம் திருப்பினார்.

"'உமக்கு எழுதப் படிக்கத் தெரியுமா'ன்னு கேக்கறாரு!" என்று வேணுகோபால் எட்டிப் பார்த்து எல்லாருக்கும் படித்துக் காட்டினார்.

அவருடைய உதடு காகிதத்தின்மேல் அசைவதைச் சாமிதுரை கவனித்தான். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மளமளவென்று நாலு வரி எழுதினான். வேணுகோபால் மறுபடியும் கழுத்தை நீட்டினார்.

"அடேயப்பா! இங்கிலீஷு!"

நல்லுசாமி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். "இவனா? இவனா எழுதறான்?"

ஜெகதாம்பாளுக்கு எழுத்துதான் தெரியாது, புத்தி உண்டு. அவளுக்குச் சட்டென்று தபால்கார ரத்தினம் நினைவுக்கு வந்தார். தமிழ்க் கார்டு என்றால் ரத்தினம் தெருமுனையிலேயே படித்து முடித்துவிடுவார். "என்ன மாமி, உங்க மகளுக்கு மசக்கையாமே!" என்று கேட்டுக்கொண்டேதான் கார்டை நீட்டுவார். இந்த ஊரில் யாரும் படிக்க முடியாத எழுத்து என்பதால்தான் சாமிதுரையின் கார்டெல்லாம் இங்கிலீஷ். பெட்டிக்குப் போடாத பூட்டை அவன் எழுத்துக்குப் போட்டிருக்கிறான். இங்கேயும் அதையேதான் செய்கிறான்.

காகிதம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தது. ஒரு தரம் அதிகாரி எழுதியதைப் படித்துச் சாமிதுரை சிரித்தான். ஒரு தரம் பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி எழுதினான். அவளுக்குத் தெரியாத சிரிப்பு, அவளுக்குத் தெரியாத கோபம். அவர்களுடைய நூற்றுச் சொச்சம் சைகைக்குள் அடங்காத என்னென்னவோ அவனுக்குள் இருந்திருக்கிறது.

அவள் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. தலையைத் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்ததும் சட்டென்று நிறுத்தினாள். இருபத்தைந்து வருஷமாக அவன் இப்படித்தானே உட்கார்ந்திருக்கிறான்! கல்யாண வீட்டில், பஞ்சாயத்தில், அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு. எல்லாரும் பேசுவார்கள். அவன் முகம் முகமாகப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

கடைசியில் அதிகாரி பத்திரத்தை மடித்து வேணுகோபாலிடம் நீட்டினார்.

"இதைப் பதிய முடியாது. இவருக்குச் சம்மதமில்லே."

"ஏன் எசமான்?" நல்லுசாமியின் குரல் உடைந்தது. "என்னதான் எழுதினான்? நான் அவனுக்குத் துரோகம் பண்றேன்னு எழுதினானா? அவனுக்கு நான் சோறு போடலியா?"

"அப்படி ஒரு வார்த்தையும் எழுதலே. எங்கிட்ட எழுதினதை உங்ககிட்ட நான் சொல்றது முறையில்லே. உங்க தம்பிதானே, அவரையே கேளுங்க."

எழுதின காகிதத்தை அவர் சாமிதுரையிடமே கொடுத்துவிட்டார். அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவருக்கு ஒரு கும்பிடு போட்டான்.

---

பஸ் நிற்கிற இடத்தில் இன்னும் கரி பிடிக்கவில்லை. விசிறுகிறவன் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான். அவர்கள் தெருக் குஞ்சம்மாள் வெங்காயம் விற்ற காலிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். குஞ்சம்மாளிடம் ஒரு சேதி போனால் ரத்தினத்துக்கு வேலையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்லுசாமி துண்டை உதறித் தோளில் போடுவதும் எடுப்பதுமாகத் தனியே நின்றான். சாமிதுரை புளியமரத்து நிழலில் ஒதுங்கினான். ஜெகதாம்பாள் அவன் பின்னாலேயே போனாள்.

அவன் அவளுடைய வாயைக் காட்டினான். விரல்களைப் படபடவென்று அசைத்தான். அப்புறம் தன் இரண்டு கையையும் மடியில் போட்டுக் காட்டினான். 'உன் வாய் போயிற்று. கை உட்கார்ந்திருந்தது.'

ஜெகதாம்பாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே தன் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் பானையை உடைத்தால் அவன் செய்வது. அவர்கள் பாஷையில் அதற்கு 'தப்புதான், விட்டுவிடு' என்று அர்த்தம். டவுனில், நடுப்பகலில், முப்பது வயதுப் பொம்பளை காதைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

'பெட்டி. நான் திறந்தேன். கார்டு பார்த்தேன்,' என்று அவள் காட்டினாள். 'யார்?'

அவன் முகம் சிவந்தது. தாடையில் இடதுபக்கம் விரலால் ஒரு புள்ளி வைத்தான். நெற்றியில் பொட்டு வைத்தான். காதை மூடினான். பலகையில் எழுதுகிற மாதிரி எழுதி, இரண்டு விரலைச் சேர்த்து வைத்தான். மேற்கே பெரம்பலூர்ப் பக்கம் கையை நீட்டினான். கடைசியாகக் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டான்.

அந்தப் பெண்ணின் பேர் செங்கமலம் என்பது கார்டைப் படித்தவர்களுக்குத்தான் தெரியும். ஜெகதாம்பாளுக்கு அவள் தாடையில் மச்சமுள்ளவள். அது போதும்.

'நான் அண்ணனைக் கேட்க வேண்டும்,' என்றான் சாமிதுரை. 'நீ சொல். நான் சொல்வதைச் சொல். கூட ஒன்றும் வேண்டாம். குறைத்தும் சொல்லாதே.'

"என்னடி சொல்றான் அவன்?" நல்லுசாமி அங்கிருந்தே கத்தினான். பொறுக்க முடியாமல் இரண்டே எட்டில் வந்து நின்றான். "நான் என்ன கொறை வச்சேன்னு கேளு! இத்தனை பேருக்கு முன்னால என்னைத் திருடனாட்டம் நிக்க வச்சுட்டானே!"

'ஒண்ணுமில்லீங்க, வூட்டுல போயிப் பேசிக்கலாம்.' இந்தப் பதில் ஜெகதாம்பாளின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. எத்தனையோ தரம் சொன்ன பதில். அதை அப்படியே விழுங்கினாள். திரும்பினாள். புருஷன் கேட்டதைக் கையால் சாமிதுரையிடம் கேட்டாள். அவன் கைகள் எழுந்தன. அவை முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

பிறகு புருஷனை நிமிர்ந்து பார்த்து வாயைத் திறந்தாள்.

"அண்ணே."

"அடி ஆத்தி!" குஞ்சம்மாள் கூடையை விட்டு எழுந்துவிட்டாள். "கட்டின புருஷனைப் பார்த்து என்ன வார்த்தைடி சொல்றே? வெயில்ல புத்தி கித்தி பெரண்டுபோச்சா?"

நல்லுசாமியின் கை ஓங்கியேவிட்டது. ஜெகதாம்பாள் நகரவில்லை. காது மடல் வரைக்கும் அவளுக்குச் சுட்டது. விட்டால் பூமிக்குள் போயிருப்பாள். ஆனால் அந்த அதிகாரி சொன்னது அவளுக்கு இப்போதுதான் முழுசாகப் புரிந்தது. பேசுவது அவள் இல்லை.

"அண்ணே, நீங்க எனக்கு ஒரு கொறையும் வைக்கலே. சோறு போட்டீங்க. துணி எடுத்துக் குடுத்தீங்க. ஆனா ஒரு நாளும் என்னை எதுவும் கேட்டதில்லே. என் பாதி எனக்கு வேணும். மேற்கே ஒரு பொண்ணு இருக்கு. தாடையில மச்சம். எங்கூடப் படிச்சவ. அவளுக்கும் காது கேக்காது. நெலமில்லாதவனுக்கு அவங்க வூட்டுல பொண்ணு குடுக்க மாட்டாங்க. அண்ணே, நீங்க முன்ன நின்னு எனக்குக் கட்டி வைக்கணும்."

ஓங்கின கை எங்கே போவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

ஊரில் நல்லுசாமியை அண்ணே என்று கூப்பிட ஆயிரம் பேர் உண்டு. பண்ணையாள் கூப்பிடுவான், கடைக்காரன் கூப்பிடுவான். கூடப்பிறந்தவன் என்று இருப்பது ஒருத்தன்தான். அந்த ஒருத்தன் பிறந்த அன்றைக்கு, பதினோரு வயதுப் பையனாக, "தம்பி எப்பம்மா என்னை அண்ணேன்னு கூப்பிடுவான்?" என்று தாயாரைக் கேட்டுக் கேட்டு உயிரை வாங்கியவன் நல்லுசாமி. இரண்டு வருஷம் காத்திருந்தான். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டான்.

அவன் கை மெல்ல இறங்கியது.

"அவனை... இன்னொரு தடவ சொல்லச் சொல்லு," என்றான்.

"எதைங்க? பொண்ணு விஷயத்தையா?"

"இல்லே. மொத வார்த்தைய."

ஜெகதாம்பாள் திரும்பிக் கேட்டாள். சாமிதுரை அண்ணனை நேராகப் பார்த்தான். மீசையை முறுக்கி, அந்தக் கையை அப்படியே தன் நெஞ்சில் கொண்டுவந்து வைத்தான்.

"அண்ணே," என்றாள் ஜெகதாம்பாள்.

நல்லுசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. குஞ்சம்மாளுக்குக்கூடப் பேச வாய் வரவில்லை. அது எப்பேர்ப்பட்ட சேதி என்பது உங்களுக்குத் தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் துண்டை எடுத்தான். தம்பியைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியையும் பார்க்கவில்லை. வேட்டி மடியை அவிழ்த்து, நாலாக மடித்து வேர்வையில் நைந்துபோன ஒரு தபால் கார்டை எடுத்தான்.

"எட்டு நாளாச்சு. ரத்தினம் என் கையில குடுத்தான். கார்டு வந்தா அதையே பார்த்துக்கிட்டு உக்காந்துடுவான், பத்திரம் முடியட்டும், அப்புறம் குடுக்கலாம்னு... பாவி நான்... குடு அவன்கிட்ட."

சாமிதுரை கார்டைப் பறித்தான். பிரித்துப் படித்தான். இன்னொரு தரம் முதலிலிருந்து படித்தான். அவன் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்துபோயிற்று. புளியமரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டான்.

ஜெகதாம்பாள் கார்டின் மூலையைப் பார்த்தாள். நாலு மூலையையும் பார்த்தாள். கோலம் இல்லை.

"என்னடி போட்டிருக்கு?" நல்லுசாமி அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "மூஞ்சி ஏன் இப்படிப் போவுது? என்னான்னு சொல்லேன்! உனக்குத்தான் அவனைப் பார்த்தாலே தெரியுமே!"

தெரியும்தான். அந்த முகத்தைப் படிக்க அவளுக்கு இங்கிலீஷ் வேண்டாம். 'பொண்ணு கைவிட்டுப் போச்சுங்க' என்கிற பதில் அவள் வாய்க்கு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு சாமிதுரைக்கு முன்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் தூக்கி, 'என்ன?' என்று கேட்டாள்.

பின்னால் கரி பிடித்துக்கொண்டு பஸ் உறுமியது. ஆட்கள் ஏறினார்கள். கண்டக்டர் கத்தினான்.

"சொல்லித் தொலையேன்டி!"

"பொறுங்க," என்றாள் ஜெகதாம்பாள், கொழுந்தனுடைய கைகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "தம்பி சொல்லட்டும்."